நீரா, தானியமா, பிசைமாவா? நடைபழகும் குழந்தையின் புலன் விளையாட்டை எதிலிருந்து தொடங்குவது

ஒன்று முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைக்கு வீட்டிலேயே புலன் விளையாட்டை, அதாவது தொட்டும் பார்த்தும் கேட்டும் பொருள்களை அறியும் விளையாட்டை, அறிமுகப்படுத்த விரும்பும் பெற்றோர், பெரும்பாலும் பார்வைக்கு எது அழகாக இருக்கிறது என்பதைக் கொண்டே பொருளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். வண்ணம் ஏற்றிய அரிசியும் மினுமினுக்கும் ஜெல் மணிகளும் நுரை ததும்பும் தட்டும் படங்களில் கண்ணைப் பறிக்கத்தான் செய்கின்றன. ஆனால் அந்தத் தட்டின் முன்னால் உட்காரப்போவது, கைக்கு அகப்பட்டதையெல்லாம் வாயில் வைத்துப் பார்க்கும் பருவத்துக் குழந்தை. பிறப்பிலிருந்து ஏறத்தாழ இரண்டு வயது வரையான காலத்தை உளவியலாளர் ழான் பியாஜே புலன்-இயக்கப் பருவம் என்று வகுத்தார். தொட்டும் தட்டியும் சுவைத்தும்தான் குழந்தை அப்போது உலகை அறிந்துகொள்கிறது. எனவே போட்டியில் இருக்கும் பொருள்களை நான் இரண்டு கேள்விகளால் அளக்கிறேன். இது வாய்க்குள் போனால் என்ன ஆகும்? இதைக் கொண்டு குழந்தை எத்தனை விதமான செயல்களைத் தானாகச் செய்து பார்க்க முடியும்?

இரண்டாம் கேள்விக்கு நீரை விஞ்சும் பொருள் இல்லை. அகன்ற தட்டில் இரண்டு விரற்கடை அளவு வெதுவெதுப்பான நீரும், ஒரு கரண்டியும், இரண்டு கிண்ணங்களும், ஒரு பஞ்சும் இருந்தால் போதும். குழந்தை ஊற்றும், அள்ளும், பிழியும், அடிக்கும், எது மிதக்கிறது எது மூழ்குகிறது என்று போட்டுப் பார்க்கும். ஒரு கிண்ணத்து நீரை உயரமான குவளைக்கு மாற்றினாலும் அளவு மாறுவதில்லை என்பதைப் பெரும்பாலான குழந்தைகள் 7 வயதை ஒட்டித்தான் புரிந்துகொள்கிறார்கள் என்று பியாஜேயின் சோதனைகள் காட்டின. ஆகவே இந்த வயதில் அளவு பற்றிய பாடம் எதையும் திணிக்க வேண்டியதில்லை. திரும்பத் திரும்ப ஊற்றுவதே இப்போதைக்கு முழுமையான வேலை. சுத்தமான நீராக இருந்தால், ஒரு வாய் உள்ளே போனாலும் கேடில்லை.

அப்படியானால் நீருக்குக் குறையே இல்லையா என்றால், இருக்கிறது. அது மிகப் பெரிய குறை. சிறு குழந்தை மூழ்குவதற்கு இரண்டரை சென்டிமீட்டர் ஆழ நீரே போதும். தலை பெரிதாகவும் உடல் சிறிதாகவும் இருப்பதால், வாளிக்குள் தலைகுப்புற விழுந்த குழந்தையால் தானாக எழ முடிவதில்லை, சத்தமும் எழுவதில்லை. கைபேசி அழைத்தாலும் வாசல் மணி ஒலித்தாலும் குழந்தையைத் தூக்கிக்கொண்டே போக வேண்டும். கை நீட்டினால் தொடும் தூரத்தில் ஒரு பெரியவர் உட்கார முடியாத நாளில் நீர் விளையாட்டு வேண்டவே வேண்டாம்.

அரிசி, பருப்பு, பயறு போன்ற உலர் தானியங்களைப் பலர் நீருக்குச் சமமான மாற்றாகவே எண்ணுகிறார்கள். நீரைப் போலவே இவையும் வழிகின்றன, கூடுதலாகக் குவிகின்றன. உள்ளே ஒன்றைப் புதைத்துத் தேடலாம். உலோகக் கிண்ணத்தில் விழும்போதும் மரக் கிண்ணத்தில் விழும்போதும் வேறுவேறு ஓசை தருகின்றன. தரையும் நனைவதில்லை. பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் ஒற்றை மணியைப் பொறுக்கும் பயிற்சியை இவற்றைப் போல வேறெதுவும் கொடுப்பதில்லை. இத்தனை இருந்தும் முதல் பொருளாக நான் இவற்றைப் பரிந்துரைக்க மாட்டேன். காரணம், முதல் கேள்வியில் இவை தோற்கின்றன. பயறும் அவரை விதையும் மூச்சுக்குழாயை அடைக்கும் அளவினவை. மூக்கில் ஏற்றிக்கொண்டால் அங்குள்ள ஈரத்தை உறிஞ்சிப் பருத்துவிடுவதால், எடுப்பது மேலும் கடினமாகிவிடுகிறது. சமைக்காத சிவப்பு அவரையில் வாந்தியை உண்டாக்கும் நச்சும் இருக்கிறது. அமெரிக்காவில் மூன்று வயதுக்கு உட்பட்டோருக்கான பொம்மைகளைச் சோதிக்கும் உருளையின் விட்டம் 31.7 மில்லிமீட்டர், அதற்குள் முழுதாக அடங்கும் எதுவும் அந்த வயதினருக்கான பொம்மையில் இருக்கக் கூடாது என்பது விதி. ஒரு கிண்ணம் பயறு என்பது, அந்த உருளைக்குள் எளிதாக விழக்கூடிய நூற்றுக்கணக்கான பொருள்கள்.

என் மகனின் ஒன்றரை வயதில், பயறு நிரப்பிய தட்டை அவன் முன் வைத்த முதல் நிமிடத்திலேயே அவன் கன்னம் உப்பியதைப் பார்த்துப் பதறியிருக்கிறேன். அந்தத் தட்டை அன்று எடுத்து வைத்தவள், வாயில் வைக்கும் பழக்கம் அவனுக்கு முற்றிலும் நின்ற பிறகுதான் மீண்டும் எடுத்தேன். அப்போது அதே பயறு முக்கால் மணி நேரம் அவனைக் கட்டிப்போட்டது. ஆகவே தானியத்தின் மீது எனக்குப் பகை இல்லை. அதற்கு உரிய காலம் பிந்தியது என்பதே என் கருத்து. வயதை எண்ணிப் பார்ப்பதைவிட, பல வாரங்களாக எதையும் வாய்க்குக் கொண்டுபோகவில்லை என்பதைக் கவனித்து முடிவெடுப்பது நல்லது. அதுவரை அள்ளவும் புதைக்கவும் ஆசைப்படும் குழந்தைக்கு, ஏற்கெனவே உண்டு பழகிய காலை உணவுத் தானியத்தை நன்றாகப் பொடித்து மணலைப் போலப் பரப்பித் தரலாம்.

பிசைமாவு இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. நீரும் தானியமும் கையிலிருந்து நழுவுகின்றன. மாவோ எதிர்த்து நிற்கிறது. அழுத்தவும் உருட்டவும் இழுக்கவும் பிய்க்கவும் விரல்களுக்கு வலு வேண்டியிருக்கிறது, அந்த வலு பின்னாளில் கரண்டியையும் கிரேயானையும் பிடிக்க உதவுகிறது. சிதறுவதும் குறைவு. ஆனால் எந்த மாவு என்பதில்தான் சிக்கல். பச்சை மாவில் நீர் ஊற்றிப் பிசைந்து கொடுப்பது பாதுகாப்பானது என்று பலர் நம்புகிறார்கள். அரைத்த மாவு கிருமி நீக்கப்பட்ட பொருள் அன்று. 2016-இல் அமெரிக்காவில் பரவிய ஈ.கோலை என்னும் பாக்டீரியாத் தொற்று ஒன்றின் மூலம் பச்சைக் கோதுமை மாவு என்று கண்டறியப்பட்டது. மாவு, நீர், எண்ணெய், உப்பு ஆகியவற்றை அடுப்பில் வைத்து, கலவை முழுவதும் சூடேறி உருண்டு திரளும் வரை கிளறி ஆறவைத்த மாவே இதைவிட மேலானது. காற்றுப் புகாத டப்பாவில் அது பல நாள் மென்மையாகவும் இருக்கும். கெடாமல் காப்பது அதிலுள்ள மிகுதியான உப்புதான். அதே உப்பினால் குழந்தை அதைக் கடித்துத் தின்ன விடக் கூடாது. ஒரு துளி நாவில் பட்டால் குழந்தையே முகம் சுளித்துத் துப்பிவிடும். சுளிக்காமல் விழுங்கும் குழந்தைக்கு மாவையும் தள்ளிப்போடுங்கள். கடையில் விற்கும் வண்ண மாவு சமைக்கும் வேலையை மிச்சப்படுத்துகிறது, நிறமும் தேர்ந்தது. அவற்றுள் பல கோதுமையால் ஆனவை என்பதைக் கோதுமை ஒவ்வாமை உள்ள குழந்தைகளின் பெற்றோர் மறக்கக் கூடாது.

ஜெல் மணிகளை ஒப்பிடுவதற்கே எடுத்துக்கொள்ளலாமா என்று தயங்கினேன். பல வீடுகளில் இவை புலன் விளையாட்டின் பெயராலேயே நுழைவதால் சொல்லியாக வேண்டும்: இந்த வயதுக் குழந்தை இருக்கும் வீட்டுக்குள் இவை வரவே கூடாது. கடுகளவாக இருக்கும் இந்த மணி, நீரை உறிஞ்சித் தன் அளவைப் போலப் பல மடங்கு பருக்கிறது. விழுங்கப்பட்டால் குடலுக்குள்ளும் அதே வேலையைச் செய்து பாதையை அடைக்கிறது. சாதாரண எக்ஸ்ரே படத்தில் இவை பெரும்பாலும் தெரியாததால், வாந்தி எடுக்கும் குழந்தைக்கு என்ன நேர்ந்தது என்று மருத்துவருக்கும் உடனே புலப்படுவதில்லை. மூத்த குழந்தைக்காக வாங்கியிருந்தாலும், கட்டிலுக்கடியில் உருண்டு உலர்ந்து சுருங்கிய ஒரே ஒரு மணி இளைய குழந்தையின் கைக்குக் கிடைக்கலாம்.

விரல் வண்ணமும் சவர நுரையும் இந்த வரிசையில் எனக்கு முக்கியமானவையாகப் படவில்லை. நுரை கண்ணிலும் வாயிலும் எரியும். வண்ணத்தை உண்ணத்தக்க தயிரிலோ கூழிலோ கலந்து கொடுத்தால் முதல் கேள்வியை அது எளிதாகக் கடந்துவிடும்.

மேற்சொன்ன எதையும் தொட மறுக்கும் குழந்தைகளும் உண்டு. ஈரமோ பிசுபிசுப்போ கையில் பட்டதும் விரல்களை விரித்துக்கொண்டு அழும் குழந்தையின் கையைப் பிடித்து மாவுக்குள் அழுத்துவது, இருக்கும் சிறிய ஆர்வத்தையும் கெடுத்துவிடும். அவர்களுக்குக் குழந்தைக் கல்வியாளர் எலினோர் கோல்ட்ஷ்மீட் வகுத்த பொக்கிஷக் கூடை நல்ல மாற்று: ஒரு தாழ்ந்த கூடையில் மரக்கரண்டி, உலோகக் கிண்ணம், தோல் பை, கம்பளித் துணி, தூரிகை என்று வீட்டிலுள்ள, பிளாஸ்டிக் அல்லாத பொருள்களை வைத்துவிட்டு, பெரியவர் குறுக்கிடாமல் அருகில் அமர்ந்திருப்பது. பொருள்கள் உலர்ந்தவை, பெரியவை. எதைத் தொடுவது என்பதைக் குழந்தையே முடிவுசெய்கிறது. உட்காரத் தொடங்கிய குழந்தைகளுக்காகவே அவர் இதை அமைத்தார் என்றாலும், தயங்கும் இரண்டு வயதுக் குழந்தைக்கும் இது பொருந்துவதை நான் கண்டிருக்கிறேன். பின்பு அதே மரக்கரண்டியை நீர்த்தட்டின் அருகே வைத்தால், கை நனையாமல் கிளறிப் பார்க்கும் துணிச்சல் வந்துவிடுகிறது.

எந்தத் தட்டின் முன்னாலும் ஒரு நிமிடம்கூட உட்காராத குழந்தையின் நிலை வேறு. தொடுதலோடும் சுவையோடும் புலன்கள் முடிந்துவிடுவதில்லை. உடலின் சமநிலையையும், தசைகளும் மூட்டுகளும் தரும் உணர்வையும் குழந்தை வளர்ச்சியின் அடித்தளமாகக் கொண்டு பேசியவர் அன்றாடச் செயல்களைச் செய்யப் பயிற்றும் தொழில்வழி மருத்துவ வல்லுநர் ஜீன் அயர்ஸ். அந்தக் குழந்தைக்குத் தலையணைகளின் மேல் ஏறி இறங்குவதும், துணி நிரப்பிய கூடையை அறையின் குறுக்கே தள்ளுவதும்தான் அந்த நேரத்துக்கான புலன் விளையாட்டு. அரை மணி நேரம் அப்படித் தள்ளி இழுத்த பின் நீர்த்தட்டை வைத்துப் பாருங்கள். அதே குழந்தை பத்து நிமிடமாவது நின்று ஊற்றும்.

நீரில் தொடங்கி, மாவுக்குப் போய், வாயில் வைப்பது நின்ற பின் தானியத்துக்கு வருவதே நான் சொல்லும் வரிசை. நீரோடு தொடங்குபவர் ஆட்டம் முடிந்ததும், குழந்தையைத் துடைப்பதற்கு முன்பே, தட்டையும் வாளியையும் கவிழ்த்து வைத்துவிட வேண்டும்.