மொறிஸ் மைனரின் கபில நிற வயருக்கு எது காவல்?

யாழ்ப்பாணத்தில் இன்னும் ஓடித் திரியும் பழைய பிரித்தானியக் கார்களான மொறிஸ் மைனர்கள் சிலவற்றில், எஞ்சின் ஓடும்போது பற்றரியை ஏற்றும் டைனமோவைக் கழற்றி, அதே வேலையைச் செய்யும் புதிய வகையான அல்ரனேற்றர் பூட்டியிருக்கிறார்கள். நல்ல மாற்றம். எனக்குப் பயமெல்லாம் அதன் பின்னால் வரும் வயரில்தான். லூகாஸ் சி40 டைனமோ கொடுப்பது 22 அம்பியர். அதே கம்பனியின் 17ஏசிஆர் அல்ரனேற்றர் 36 வரை கொடுக்கும். டைனமோவுக்கென்று இழுத்த பழைய கபில நிற வயரிலேயே அதையும் கொழுவினால், இறங்கிப்போன பற்றரியை ஏற்றும்போது வயர் சுடும்.

அதைவிடப் பெரிய குறை காரோடு பிறந்தது. மைனரில் இருப்பது இரண்டே பியூஸ். சார்ஜ் பக்கம் போகும் கபில வயர் அந்த இரண்டிலும் சேராது. அது எங்காவது தகரத்தில் உரசித் தோல் உரிந்தால், பற்றரி நூற்றுக்கணக்கான அம்பியரை அதற்குள் தள்ளும். உறை உருகி எரியத் தொடங்கிவிடும். அல்ரனேற்றரின் டயோட்கள் (மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் பாகங்கள்) ஷோர்ட் ஆனாலும் நெருப்புக்கு மின்சாரம் கொடுப்பது பற்றரிதான். ஆகவே காவல் பற்றரி முனையில் நிற்கவேண்டும்.

அமெரிக்கக் கார்களில் வந்தது பியூசிபிள் லிங்க்: காக்கவேண்டிய வயரைவிட நாலு கேஜ் (வயர் தடிப்பின் இலக்கம்) மெல்லிய ஒரு துண்டு, தீப்பற்றாத உறையோடு. மின்னோட்டம் மிஞ்சினால் முதலில் உருகி அறுவது அதுதான். அதிர்வைத் தாங்கும், கண நேர ஏற்றத்துக்கு அசையாது. ஆனால் உள்ளே அறுந்ததை வெளியே பார்த்துக் கண்டுபிடிப்பது சிரமம். உரிய உறையுள்ளது கிடைக்காமல் சாதாரண மெல்லிய வயரைப் போட்டால் அது விளக்குத் திரி மாதிரி எரியும்.

என் தெரிவு, போல்ற் பூட்டும் மிடி பியூஸ். போனது கண்ணுக்குத் தெரியும்; அளவு அதிலேயே எழுதியிருக்கும். அல்ரனேற்றருக்குப் புதிதாக 6 சதுர மில்லிமீற்றர் வயர் இழுத்து, சொலனோயிட்டின் (ஸ்ராட்டருக்கு மின்சாரம் விடும் சுவிச்சின்) பற்றரிப் பக்கத்தில் 50 அம்பியர் பியூஸ். காருக்குள் போகும் பழைய கபில வயருக்குத் தனியாக 30. ஒன்றையே இரண்டுக்கும் போட்டால், சார்ஜ் பக்கத்துக் கோளாறு இரவில் ஹெட்லைற்றையும் அணைத்துவிடும்.

தானாகத் திரும்ப இணையும் சேர்க்கிட் பிரேக்கரை இந்த இடத்துக்கு நான் ஏற்கமாட்டேன். ஷோர்ட் இருக்கும்வரை விட்டு விட்டு மின்சாரத்தைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். பற்றரியை வெட்டும் சுவிச் அவசியம் போடுங்கள், ஆனால் அது நிறுத்திய காருக்கு மட்டுமே காவல். எஞ்சின் ஓடும்போது திருப்பினால் வோல்ற் எகிறி டயோட்கள் போகும்.

இனி, இந்த நாலும் காணாத ஒன்று: தளர்ந்த இணைப்பு. 30 அம்பியர் போகும் முனையில் 0.05 ஓம் தடை இருந்தால் 45 வாற் வெப்பம் அந்தச் சின்ன இடத்திலேயே இறங்கும். மின்னோட்டம் கூடவில்லை, அதனால் எந்தப் பியூஸும் போகாது. முனை கருகி, பக்கத்து வயரும் கருகும். கண்டுபிடிக்க மல்ற்றிமீற்றர் போதும். ஹெட்லைற்றைப் போட்டு எஞ்சினைக் கொஞ்சம் வேகமாக ஓடவிட்டு, அல்ரனேற்றரின் வெளியீட்டு முனைக்கும் பற்றரியின் நேர் முனைக்கும் இடையே அளந்துபாருங்கள். அரை வோல்றுக்கு மேல் காட்டினால் ஒவ்வொரு இணைப்பாகக் கழற்றித் துப்புரவாக்கவேண்டும். பியூஸ் வாங்கமுதல் செய்யவேண்டிய வேலை இது. பியூஸின் போல்ற்றும் ஒரு இணைப்புத்தான், இறுக்கிப் பூட்டுங்கள்.

டைனமோவையே வைத்திருப்பவர்கள் ரெகுலேற்றர் பெட்டிக்குள் இருக்கும் கட்-அவுட்டை, அதாவது எஞ்சின் நின்றதும் டைனமோவைப் பற்றரியிலிருந்து பிரிக்கும் சுவிச்சை, கவனிக்கவேண்டும். அதன் முனைகள் ஒட்டிக்கொண்டால், எஞ்சின் நின்ற பிறகும் பற்றரி டைனமோவைச் சுற்றப்பார்த்து வயரைச் சூடாக்கும். அங்கேயும் பற்றரி முனையில் பியூஸ் வேண்டும். ஆனால் 35 என்று எழுதிய லூகாஸ் கண்ணாடி பியூஸ் சரிவராது: 35 என்பது அது எரியும் அளவு, தொடர்ந்து தாங்குவது 17தான்.