எலிவால் முடியில் சடை பிடிக்குமா? 9,000 ரூபாய் கொடுத்துத் தெரிந்துகொண்டது

எங்கள் வீட்டில் என் முடிக்குப் பெயரே எலிவால்தான். மெல்லிசு, கம்பி மாதிரி நேராகத் தொங்கும், ரப்பர் பேண்டு போட்டால் பத்து நிமிடத்தில் வழுக்கிக் கீழே இறங்கிவிடும். இப்படிப்பட்ட முடியை வைத்துக்கொண்டு டிரெட்லாக்ஸ், அதாவது சாமியார்கள் தலையில் பார்ப்போமே, முடி சிக்குப் பிடித்துக் கயிறு கயிறாகத் தொங்கும் சடை, வளர்க்க ஆசைப்பட்டேன். இரண்டு வருடம் ஆயிற்று, தலையில் 31 சடை இருக்கிறது, எல்லாமே என் சொந்த முடி, ஒட்டுமுடி ஒன்றுகூடக் கிடையாது. நடுவில் இரண்டு பேரிடம் காசு கொடுத்தேன், ஒரு டப்பா மெழுகு வாங்கி ஏமாந்தேன். மூன்றையும் பற்றித்தான் இது.

முதலில் போனது கோவாவில் அரம்போல் கடற்கரைக்கு இறங்கும் சந்தில் ஒரு சின்னக் கடை. பெயர் வேண்டாம், அந்தச் சந்தில் அப்படி நாலைந்து இருக்கின்றன. இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து ஏழு மணி நேரத்தில் 42 சடை போட்டார்கள். 9,000 ரூபாய். தலையைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்து முடியையும் நுனியிலிருந்து வேர்ப்பக்கமாகச் சீப்பால் எதிர்த்து வாரி, சிக்காக்கி, அப்புறம் நுனியில் கொக்கி உள்ள குரோஷா ஊசியால் உதிரி முடிகளை உள்ளே இழுத்து இறுக்கினார்கள். 22 அங்குல முடி 14 அங்குலமாகக் குறைந்துபோனது, அதை முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். ஆனால் கைவேலையைக் குறை சொல்ல மாட்டேன். கட்டம் பிரித்ததில் கோணல் இல்லை, வலிக்கிறது என்று சொன்ன இடத்தில் உடனே தளர்த்தினார்கள், நடுவில் இரண்டு தடவை டீ வேறு.

குறை எங்கே என்றால், என் முடிக்கு 42 மிக அதிகம். ஒவ்வொன்றும் பென்சில் கனம்கூட இல்லை. அடுத்து அந்த மெழுகு. "மெல்லிய முடி, மெழுகு தடவினால்தான் நிற்கும், ஒரு மாதம் தலைக்குக் குளிக்காதீர்கள்" என்று சொல்லி 650 ரூபாய்க்கு ஒரு டப்பாவையும் கையில் கொடுத்தார்கள். தயவுசெய்து வாங்காதீர்கள். தேன்மெழுகு உருக 60 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும், நாம் தலைக்கு ஊற்றுகிற வெந்நீர் 40 டிகிரியைத் தாண்டினாலே அலறுவோம், அப்புறம் அது எப்படிப் போகும்? போகவே போகாது. உள்ளேயே தங்கித் தலையணைப் பஞ்சு, துப்பட்டா நூல், ரோட்டுப் புழுதி எல்லாவற்றையும் பிடித்து வைத்துக்கொள்ளும். இன்னொன்று, முடியை முடியோடு ஒட்ட வைத்துவிடுவதால் பார்க்கச் சடை மாதிரி இருக்கும், உள்ளே எதுவும் சிக்கிக்கொள்ளாது. மூன்றாவது மாதம் ஈரத்துணியை மூட்டை கட்டி வைத்த வாடை வர ஆரம்பித்தது. பாத்திரம் கழுவுகிற சோப்பு, பொறுக்கிற அளவு வெந்நீர் என்று நான்கு ஞாயிற்றுக்கிழமை போராடி, முடியாமல் ஐந்து சடையை வெட்டி எறிந்தேன்.

இந்த முடிக்கு என்னதான் பிரச்சினை என்பது அப்புறம்தான் புரிந்தது. தினமும் 50 முதல் 100 முடி எல்லோருக்கும் உதிரும். சடைக்குள் அந்த உதிர்ந்த முடி வெளியே போகாமல் மற்றவற்றோடு பின்னிக்கொள்வதுதான் சடை பிடிப்பது. சுருள் முடியில் ஒவ்வொரு இழையும் கொக்கி மாதிரி என்பதால் அது தானாக நடக்கும். நேர் முடியில் பிடிப்பே இல்லை, இழை வழுக்கிக்கொண்டு போய்விடும். போதாததற்குத் தலையில் சுரக்கிற எண்ணெய் நேர் முடியில் சுலபமாக நுனிவரை இறங்கும். அதனால் குளிக்காமல் விடுவது நமக்கு நேர் எதிரி. ஜமைக்காவில் தோன்றிய ராஸ்தஃபாரி மதத்தவர்களுக்குச் சடை ஒரு விரதம், தலையில் கத்தி படக்கூடாது என்கிற நசரேய விரதத்தை விவிலியத்தில் எண்ணாகமம் 6ஆம் அதிகாரத்திலிருந்து காட்டுவார்கள். அவர்களில் பெரும்பாலோருடைய சுருள் முடிக்குச் சீப்பு படாமல் இருந்தாலே போதும். நம் முடியைச் சீப்பு படாமல் விட்டால் சடை வராது, பின்கழுத்தில் தேங்காய்நார்க் கட்டி ஒன்றுதான் வரும். நான்கு மாதம் செய்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

இரண்டாவதாகப் போனது புதுச்சேரியில் வீட்டிலேயே வைத்துச் செய்கிற ஒரு அக்காவிடம். மணிக்கு 500 ரூபாய், மூன்று மணி நேரம். உட்கார்ந்ததும் அவர் ஊசியை எடுக்கவில்லை, பத்து நிமிடம் வேரை மட்டும் பார்த்தார். மீதி இருந்த 37இல் இழுத்தால் அறுந்துவிடும் போலிருந்தவற்றைப் பக்கத்துச் சடையோடு இணைத்து 31 ஆக்கினார். நூல் மாதிரிச் சடையில் கனம் தொங்கினால் வேர் தளர்ந்து அங்கே வழுக்கை விழும் என்றார். வாரம் இரண்டு தடவை சாதாரண ஷாம்பு போதும், கண்டிஷனர் மட்டும் ஆகாது, காலையில் குளித்து வெயிலில் உலர்த்து, ஈரத்தோடு படுக்காதே. கடைசியாக, குளித்த பிறகு ஒவ்வொரு சடையையும் வேர்வரை கையால் பிரித்துவிடு, இல்லாவிட்டால் பக்கத்துச் சடையோடு ஒட்டிக்கொள்ளும். இவ்வளவுதான். அந்த 1,500 ரூபாய்க்குக் கிடைத்தது 9,000க்குக் கிடைக்கவில்லை.

உப்புத் தண்ணீரும் அடித்துப் பார்த்தேன். முடி கொஞ்சம் சொரசொரப்பாகிப் பிடிப்பு வரும், ஆனால் தினமும் அடித்தால் காய்ந்து ஒடிகிறது, வாரம் ஒரு முறைக்கு மேல் வேண்டாம். குரோஷா ஊசி 0.5 மில்லிமீட்டர் எஃகு ஊசிதான் வாங்க வேண்டும், கம்பளி பின்னுகிற தடிமன் ஊசி முடியை அறுத்துவிடும். அதையும் மாதம் ஒரு தடவைக்கு மேல் தொடாதீர்கள், நான் டிவி பார்த்துக்கொண்டே குத்திக் குத்தி இரண்டு சடையின் நடுவை மெலிய வைத்துவிட்டேன். முதல் ஆறு மாதம் அசிங்கமாகத்தான் இருக்கும், வளையம் வளையமாக வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். ஒன்றரை வருடம் தாண்டித்தான் அமுக்கினால் கெட்டியாக இருந்தது. மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் புது முடி வேறு வளர்ந்துகொண்டே இருக்கும், அது தளர்வாகத்தான் இருக்கும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

அம்மா இன்னும் சனிக்கிழமை எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து நிற்கிறார். திருவண்ணாமலை கிரிவலத்தில் ஒரு பாட்டி கையில் பத்து ரூபாய் வைத்துவிட்டுப் போனார், வாங்கிக்கொண்டேன்.

கோவா கடைக்கு ஐந்துக்கு இரண்டரை, கைவேலைக்காக. மெழுகுக்குப் பூஜ்யம். புதுச்சேரி அக்காவுக்கு நாலரை, அரை குறைத்தது போன் எடுக்கவே மாட்டார் என்பதற்காக. போகிறவர்கள் 25, 30 சடைக்கு மேல் ஒத்துக்கொள்ளாதீர்கள், மெழுகு எடுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். அப்புறம் பழைய ஹெல்மெட் தலையில் ஏறாது, புதிதுக்கு 1,400 ரூபாய் ஆயிற்று, அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.