கட்டணப் பட்டியலில் தெரிந்ததும் கணக்கில் கழிந்ததும்

இணையவழி நிதித் தளங்களின் மூலம் ஒன்பது ஆண்டுகளாக முதலீடு செய்து வருகிறேன். முதல் ஐந்து ஆண்டுகள் ஒரு தளம். கடந்த நான்கு ஆண்டுகளாக வேறொரு தளம். இரண்டையும் கட்டணத்தை ஒப்பிட்டே தேர்ந்தெடுத்தேன் என்றாலும், முதல் முறை எதை எதோடு ஒப்பிட வேண்டும் என்பதே எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

முதல் தளம் பரிவர்த்தனைக் கட்டணம் எதுவும் வாங்கவில்லை. கணக்கிலுள்ள மதிப்பில் ஆண்டுக்கு 0.40 விழுக்காட்டைத் தளக் கட்டணமாக எடுத்துக்கொண்டது. அந்த ஓர் எண்ணை மட்டும் பார்த்துக் கணக்கு தொடங்கினேன். இரண்டாம் ஆண்டின் இறுதியில் எல்லாச் செலவுகளையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டியபோதுதான், நான் வைத்திருந்த நிதிகளின் செலவு விகிதம், அதாவது நிதியை நடத்த அதன் மதிப்பிலிருந்து ஆண்டுக்கு எடுக்கப்படும் பங்கு, சராசரியாக 1.10 விழுக்காடு என்பதும், ஆக மொத்தம் 1.50 விழுக்காடு கழிந்துகொண்டிருக்கிறது என்பதும் புலப்பட்டன. செலவு விகிதம் நாள்தோறும் நிகர சொத்து மதிப்பிலிருந்து (நிதியின் சொத்தில் அதன் கடன்பாடுகள் போக மிஞ்சுவது) சிறுகச் சிறுகக் கழிக்கப்பட்டு, அதன் பின்னரே யூனிட்டின், அதாவது நிதியில் நாம் வாங்கும் ஒரு பங்கின், விலை அறிவிக்கப்படுவதால், கணக்கு அறிக்கையில் அதற்கென்று ஒரு வரிகூட இருக்காது. நிதி மேலாளர் பங்குகளை வாங்கி விற்கும்போது ஏற்படும் தரகுச் செலவு பெரும்பாலும் அந்த விகிதத்திலும் அடங்குவதில்லை.

ஒரு விழுக்காடுதானே என்று தோன்றலாம், எனக்கும் தோன்றியது. ஆண்டுக்கு 6 விழுக்காடு வளரும் 100, இருபது ஆண்டுகளில் ஏறத்தாழ 321 ஆகும். 5 விழுக்காடு வளர்ந்தால் 265 மட்டுமே ஆகும். முதலுக்கு மேல் சேர்ந்த 221இல் 56 குறைகிறது, அதாவது ஈட்டியதில் கால் பங்கு. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த இரவில் எனக்குத் தூக்கம் சற்றுத் தாமதமாகத்தான் வந்தது.

அதே தாளில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. ஒரே நிதி, ஒரே மேலாளர், ஒரே பங்குகள். ஆனால் அதன் யூனிட்கள் இரண்டு வகைகளில் விற்கப்படுகின்றன. விற்பனையாளருக்குப் போகும் தரகு ஒன்றில் அடங்கியிருக்கிறது, மற்றொன்றில் இல்லை. நான் வைத்திருந்தவற்றில் மூன்று நிதிகள் தரகு அடங்கிய வகையைச் சேர்ந்தவை. பரிவர்த்தனைக் கட்டணம் வாங்காத தளத்துக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது என்று முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். நாணய மாற்றில் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடையே வைக்கும் வேறுபாடும், கணக்கில் சும்மா கிடக்கும் ரொக்கத்தின் வட்டியும்கூட அவ்வாறான வருமானங்களே.

கணக்கில் ரொக்கம் இல்லாத மாதங்களில் தளம் சில யூனிட்களைத் தானாகவே விற்றுத் தன் கட்டணத்தை எடுத்துக்கொண்டதும் எனக்குத் தொல்லையாகவே இருந்தது. ஒவ்வொன்றும் ஒரு விற்பனையாகப் பதிவாகி, கொள்முதல் விலைக் கணக்கைக் குழப்பிவிட்டது.

இரண்டாவது தளம் நிலையான ஆண்டுக் கட்டணம் வாங்குவது. இவ்விரு முறைகளில் எது மலிவு என்பதைத் தொகைதான் தீர்மானிக்கிறது. நிலையான கட்டணம் 80 என்று கொண்டால், எந்த நாணயமானாலும், 0.40 விழுக்காட்டுத் தளத்துக்கு அது 20,000இல் சமமாகிறது. அதற்குக் கீழே விகிதக் கட்டணமும் மேலே நிலையான கட்டணமும் ஆதாயம். மாதந்தோறும் ஒருமுறை வாங்குபவரிடம் வாங்குதலுக்கு 2 வீதம் தனியே பெற்றால் செலவு 104 ஆகி, சமநிலைத் தொகை 26,000க்கு உயர்கிறது. ஆகவே பிறர் பரிந்துரைக்கும் தளத்தைவிட, நம்முடைய தொகையும் வாங்கும் பழக்கமும் முக்கியமானவை.

மாறியது எளிதாக நடக்கவில்லை. பழைய தளம் ஒவ்வொரு நிதிக்கும் தனித்தனியே வெளியேற்றக் கட்டணம் கேட்டது. நான் ஏழு நிதிகளைச் சேர்த்து வைத்திருந்தேன். ஆறு நிதிகளின் யூனிட்கள் அப்படியே மாற்றப்பட்டன. ஏழாவது நிதி புதிய தளத்தில் இல்லாததால் அதை விற்க வேண்டியதாயிற்று. அந்தப் பணம் பதினோரு நாள் சந்தைக்கு வெளியே கிடந்தது. வெளியேறச் செலவழித்ததை மிச்சப்பட்ட கட்டணத்தால் ஈடுகட்ட பதினான்கு மாதங்கள் பிடித்தன. கணக்கு தொடங்கும் நாளில் கட்டண விவரத்தின் கடைசிப் பக்கத்தை யார் படிக்கிறார்கள்?

புதிய தளத்தின் தேடுவசதி மோசம், உதவிக் குழுவின் பதில் தாமதம். ஆனாலும் ஆண்டு முழுவதும் கழிந்த தளக் கட்டணம், நிதிச் செலவு, நாணய மாற்றுச் செலவு மூன்றையும் ஒரே பக்கத்தில் தொகையாகக் காட்டுகிறார்கள். அந்த ஒரு பக்கத்துக்காகவே பிற குறைகளைப் பொறுத்துக்கொள்கிறேன். தரகு இல்லாத வகைக்கும், சந்தைக் குறியீட்டை அப்படியே பின்பற்றும் குறியீட்டு நிதிகளுக்கும் மாறிய பிறகு, என் மொத்தச் செலவு 0.45 விழுக்காட்டுக்கு இறங்கியிருக்கிறது.

மகளின் பெயரில் தொடங்கிய சிறு கணக்கு மட்டும் இன்னும் பழைய தளத்திலேயே இருக்கிறது. அதன் தொகை சமநிலைத் தொகையில் பாதியைக்கூட எட்டவில்லை. அதில் ஒரே ஒரு நிதியைத்தான் வைத்திருக்கிறேன்.