படகுத்தலைக் குழந்தைக்கு எந்த அறுவைச் சிகிச்சை?

பிள்ளையின் தலை கோணியிருந்தால் குளிப்பாட்டும்போது பிடித்துவிட்டால் சரியாகிவிடும் என்பது நெல்லைப் பக்கத்து ஆச்சிமாரின் நம்பிக்கை. ஒரே பக்கமாகப் படுத்துத் தட்டையான தலைக்கு அதுவும் வேண்டாம். படுக்கும் பக்கத்தை மாற்றி, விழித்திருக்கையில் நம் பார்வையில் கவிழ்த்துப் போட்டாலே பெரும்பாலும் போதும். ஆனால் மண்டை எலும்புகளுக்கிடையே உச்சி நெடுக ஓடும் பொருத்து (இணைப்பு) முன்கூட்டியே எலும்பாக இறுகிவிட்டால், மண்டை பக்கவாட்டில் விரிய முடியாமல் படகுபோல் நீள்கிறது. அதைக் கையால் திருத்த இயலாது.

அதற்கு முக்கியமாக இரண்டு வழிகள் உள்ளன. 1990களில் அமெரிக்காவில் ஹிமெனெஸ், பரோன் ஆகிய மருத்துவர்கள் வளர்த்தெடுத்த எண்டோஸ்கோப்பி (கேமரா பொருத்திய மெல்லிய குழாய் வழியே பார்த்துச் செய்யும்) முறையில், இரண்டு சிறு கீறல்கள் வழியே இறுகிய எலும்புப் பட்டை அகற்றப்படுகிறது. ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் முடியும், இரத்த இழப்பும் குறைவு. திறந்த முறையிலோ காதுக்குக் காது கீறி, எலும்புகளை எடுத்து வடிவமைத்துப் பொருத்துவதற்குப் பல மணி நேரமாகும். 7 கிலோ குழந்தையின் உடலில் மொத்தமே சுமார் 550 மில்லிலிட்டர் இரத்தம்தான் என்பதால், இதில் பெரும்பாலும் இரத்தம் ஏற்ற நேர்கிறது.

இவ்வளவில் முதல் முறையே மேல் என்று முடிவுகட்டுவோருடன் எனக்கு உடன்பாடில்லை. எண்டோஸ்கோப்பியில் பாதி வேலையைச் செய்வது அதன்பின் அணியும் ஹெல்மெட்தான்; நாளுக்கு 23 மணி நேரம், ஏறக்குறைய ஒரு வயது வரை அது தலையில் இருக்க வேண்டும், வளர்ச்சிக்கேற்ப அவ்வப்போது திருத்தவோ மாற்றவோ வேண்டும். சித்திரை வெயிலில் வியர்வையும் வேர்க்குருவும் ஒருபுறமிருக்க, சிகிச்சை சென்னையில் என்றால் ஒவ்வொரு பரிசோதனைக்கும் நெல்லை எக்ஸ்பிரஸில் ஓர் இரவுப் பயணம். வள்ளியூரிலோ அம்பாசமுத்திரத்திலோ கூலிவேலைக்குச் செல்லும் பெற்றோருக்கு, ஹெல்மெட் பெரும்பாலும் தேவைப்படாத திறந்த முறையே கைகூடக்கூடும். மண்டையை மெல்ல விரிக்க ஸ்பிரிங் பொருத்தும் மூன்றாவது வழியும் உண்டு. அதை அகற்ற இன்னோர் அறுவை வேண்டும்.

பல வேளைகளில் வயதே தேர்வை முடித்துவிடுகிறது. எண்டோஸ்கோப்பிக்கு உகந்த காலம் மூன்று, நான்கு மாதத்துக்குள். ஆறு மாதம் கடந்தபின் திறந்த முறைதான் வழக்கம், அதன் பலனும் நன்றே. ஆகவே 6, 10, 14ஆம் வாரத் தடுப்பூசிக்குச் செல்லும்போதே தலையைக் காட்டிக் கேட்பது நல்லது. உச்சிக்குழி திறந்திருக்கிறது என்பதற்காக மட்டும் பொருத்து இறுகவில்லை என்று எண்ணிவிடக் கூடாது.