காசு கொடுத்தும் போகாத அந்த மூலைப் பெட்டி

ஆன்டிவைரஸ் லைசென்ஸ் முடியப் போகிறது என்று மெயில் வந்த வாரத்தில்தான் நண்பர் ஒருவரும் கேட்டார்: "புது லேப்டாப் வாங்கியிருக்கேன். ஆன்டிவைரஸ் காசு கொடுத்து வாங்கணுமா, சும்மா கிடைக்கிறதே போதுமா?" சில வருடங்களாக வீட்டில் ஒரு கம்ப்யூட்டரில் கட்டண ஆன்டிவைரஸும், இன்னொன்றில் விண்டோஸோடு வரும் டிஃபெண்டரும் ஓடுகின்றன. அந்த அனுபவம்தான் இது. கட்டண நிறுவனத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. கீழே நான் குறை சொல்லப் போகும் குணம் அவர்களுக்கு மட்டும் உரியதும் இல்லை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் கோபத்தில் மறந்துவிடும். பிரின்ட் எடுக்கக் கொடுத்த பென் டிரைவ் ஒன்று, ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறித் திரும்பி வந்தது. செருகிய உடனே கட்டண ஆன்டிவைரஸ் வைரஸைப் பிடித்தது, ஒளித்து வைக்கப்பட்டிருந்த ஃபைல்களையும் வெளியே கொண்டுவந்தது. டிஃபெண்டரும் இந்த வகை வைரஸை நீக்கிவிடும், ஆனால் ஃபைல்கள் ஒளிந்தபடியே கிடக்கும். அவற்றை வெளியே காட்டும் அட்ரிப் (attrib) கட்டளையை நாமேதான் அடிக்க வேண்டும். போலி வங்கிப் பக்கங்களைத் தடுப்பதிலும் கட்டணத்துக்கே மதிப்பெண். எந்த பிரவுசரைத் திறந்தாலும் ஒரே மாதிரி மறிக்கிறது. டிஃபெண்டரோடு வரும், இத்தகைய தளங்களைத் தடுக்கும் ஸ்மார்ட்ஸ்கிரீன் வசதி, மைக்ரோசாஃப்டின் எட்ஜ் பிரவுசரில்தான் முழு பலத்தோடு இருக்கிறது. குரோம் பயன்படுத்தினால் கூகுளின் சொந்த எச்சரிக்கையை நம்ப வேண்டியதுதான். இணையம் இல்லாத நேரத்தில் டிஃபெண்டரின் பிடிக்கும் திறன் குறைகிறது என்பதும் உண்மை. பெரிதும் கிளவுடை, அதாவது இணையம் வழியே மைக்ரோசாஃப்டின் சர்வர்களை, நம்பி வேலை செய்கிறது அது.

இவ்வளவும் சரி. ஆனால் அந்தப் பெட்டி.

திரையின் வலது கீழ் மூலையில் எழும்பும். ஆரஞ்சு முக்கோணம், பக்கத்தில் "3 பிரச்சினைகள் கண்டறியப்பட்டன". பதறிப் போய் அழுத்தினால், முதல் பிரச்சினை பிரவுசரில் குக்கீகள் இருக்கின்றன. இரண்டாவது, தேவையற்ற ஃபைல்கள் இடத்தை அடைக்கின்றன. மூன்றாவதுதான் முத்தாய்ப்பு: நான் அவர்களுடைய விபிஎன் (இணையத் தொடர்பை மறைத்து அனுப்பும் சேவை) வாங்கவில்லை. வைரஸுக்குக் காட்டும் அதே முக்கோணம், அதே நிறம். "இப்போதே சரிசெய்" என்று பெரிய பட்டன், அடியில் சாம்பல் எழுத்தில் "பிறகு நினைவூட்டு". "வேண்டாம்" என்ற பட்டனைத் தேடித் தேடி அலுத்துவிட்டேன். மூடும் குறிகூடச் சில நொடிகள் கழித்துத்தான் தோன்றும். செட்டிங்ஸில் போய் விளம்பர அறிவிப்புகளை அணைத்து வைத்தாலும், அடுத்த பெரிய அப்டேட்டில் தானாக உயிர்பெறும். இலவசப் பதிப்பில் இப்படி வந்தால் பொறுத்துக்கொள்ளலாம், பிழைப்பு என்று விட்டுவிடலாம். காசு கொடுத்தவனிடமும் இதையே செய்தால் நான் எதற்குத்தான் கொடுத்தேன்? இதில் ஆபத்தும் உண்டு. வீட்டில் எல்லோரும் படிக்காமலே மூடிப் பழகிவிட்டார்கள். நிஜ எச்சரிக்கை வரும் நாளிலும் கை தானாக மூடப் போகிறது.

ரினிவல் மெயிலில் வந்த தொகையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முதல் வருடத் தள்ளுபடி போய் முழு விலை நிற்கும் கதை எல்லோருக்கும் தெரிந்ததே. தானாகப் பணம் எடுக்கும் வசதியை அணைக்கும் இடம் மட்டும் மென்பொருளுக்குள் இல்லை, அவர்கள் இணையதளத்தில் கணக்குப் பக்கத்துக்கு அடியில் இருந்தது.

வெளி நிறுவனங்களின் இலவச ஆன்டிவைரஸ் நடுவழி ஆகாதா என்றால், எனக்கு அந்தப் பக்கம் மனம் போகவில்லை. அவாஸ்ட், பயனர்கள் எந்தெந்தத் தளங்களைப் பார்க்கிறார்கள் என்ற தரவைத் திரட்டி, ஜம்ப்ஷாட் என்ற தன் துணை நிறுவனம் வழியாக விற்றது. விஷயம் வெளியே வந்து 2020-ல் ஜம்ப்ஷாட்டை மூடினார்கள். 2024-ல் அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான எஃப்டிசி 1.65 கோடி டாலர் கட்டச் சொன்னது. அவாஸ்ட், ஏவிஜி, அவிரா, நார்ட்டன் நான்குமே இன்று ஜென் டிஜிட்டல் என்ற ஒரே குடைக்குள்தான் இருக்கின்றன. பெயரை மாற்றிப் போட்டுப் பார்ப்பதில் பெரிய வித்தியாசம் இருக்கும் என்று தோன்றவில்லை.

டிஃபெண்டர் வாயைத் திறப்பதே அபூர்வம். 2012-ல் விண்டோஸ் 8 முதல் உள்ளேயே வருகிறது. ஆன்டிவைரஸ்களைச் சோதித்து மதிப்பெண் போடும் ஏவி-டெஸ்ட் நிறுவனத்தின் பரிசோதனைகளில் ஒரு காலத்தில் கடைசி வரிசையில் நின்றது, இப்போது பாதுகாப்பில் பல சுற்றுகளில் 6-க்கு 6 வாங்குகிறது. குறை இல்லாமல் இல்லை. முழு ஸ்கேன் ஓடும்போது பழைய கம்ப்யூட்டர் திணறும். ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேருக்கு எதிராக, ஃபோல்டர்களைக் காக்கும் ஒரு வசதி அதில் இருக்கிறது. அதை ஏன் அணைத்தே கொடுக்கிறார்கள் என்பது புரியாத புதிர். விண்டோஸ் செக்யூரிட்டியில் ரான்சம்வேர் பகுதிக்குப் போய் நாமே இயக்க வேண்டும். இயக்கியதும் போட்டோ எடிட்டர் ஒன்று படத்தைச் சேமிக்க முடியாமல் முரண்டு பிடித்தது. அனுமதிப் பட்டியலில் சேர்த்த பிறகு தொல்லை இல்லை.

மதிப்பெண் போட்டால் கட்டணம்தான் ஜெயிக்கிறது, மேலே எழுதியதே சாட்சி. இருந்தும் ரினிவல் செய்யவில்லை. தினமும் பலருடைய பென் டிரைவ் வந்து போகும் வீடு என்றால் தாராளமாக வாங்குங்கள். மற்றவர்களுக்கு டிஃபெண்டர், தள்ளிப்போடாத விண்டோஸ் அப்டேட், வேலை முடிந்ததும் கழற்றி வைக்கும் ஒரு பேக்கப் டிஸ்க், இவ்வளவு போதும் என்பேன்.

நீக்குபவர்களுக்கு ஒரு குறிப்பு: அன்இன்ஸ்டால் செய்தபோது ஏன் போகிறீர்கள் என்று கேட்டு, பாதி விலைக்குத் தருவதாகவும் சொன்னது. பிரவுசர் எக்ஸ்டென்ஷன் ஒட்டிக்கொண்டே இருந்தது, அதைத் தனியாக நீக்க வேண்டும். ரீஸ்டார்ட் செய்துவிட்டு, டிஃபெண்டரின் நிகழ்நேரப் பாதுகாப்பு இயங்குகிறதா என்று விண்டோஸ் செக்யூரிட்டியில் பார்த்துக்கொள்ளுங்கள்.