சுவரில் 321: சுங்கை சிப்புட்டில் ஓர் ஆட்டுக்கறிக் கடை

கல்லாவுக்கு மேலே சுவரில் கறுப்பு மையில் பெரிதாக 321 என்று எழுதியிருக்கும். முதல் தடவை பார்த்தபோது லாட்டரி நம்பர் என்றுதான் நினைத்தேன். எங்கள் செம்பனை மில்லில் குலை இறக்கும் தம்பி ஒருவன் முன்னால் ஒரு சைபர் சேர்த்து மூன்று வாரம் எடுத்தான். ஒன்றும் விழவில்லை. கதையைப் பிறகு சொல்கிறேன், முதலில் கறி.

கடை மலேசியாவின் பேராக்கில், சுங்கை சிப்புட் பெரிய ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. பெயர்ப்பலகை வெயிலில் வெளுத்துப்போய்ப் படிக்க முடியாது. கேட்டால் எல்லாரும் "ஆட்டுக்கடையா?" என்று கை காட்டுவார்கள். ஆறு மேசை, இரண்டு மின்விசிறி, அதில் ஒன்று சத்தம் மட்டும் போடும். நடத்துபவர் அறுபதைத் தாண்டிய ஓர் அண்ணன். எங்கள் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைதான். 1990களில் ஆஸ்திரேலியாவுக்குப் போய் மில்டுராவில் திராட்சை பறித்தவர், அங்கிருந்து எப்படியோ ஆட்டுப் பண்ணைகளுக்குச் சமையல்காரராகிப் பதினோரு வருஷம் இருந்திருக்கிறார். விசா கதையை அவர் முழுசாகச் சொல்வதில்லை, நானும் கேட்கவில்லை.

சனிக்கிழமைதான் போக வேண்டும். அன்றைக்கு மட்டும் 'டேம்பர்' போடுவார். ஆஸ்திரேலியக் காட்டு ரொட்டி: கோதுமை மாவு, உப்பு, தண்ணீர், கொஞ்சம் சோடா மாவு. கடைக்குப் பின்னால் விறகு எரித்து, அடி கனத்த இரும்புச் சட்டிக்குள் மாவு உருண்டையை வைத்து மூடி, சட்டிக்கு அடியில் கொஞ்சம் தணல், மூடிமேல் நிறையத் தணல். அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். எடுத்ததும் கவிழ்த்து, விரல் முட்டியால் அடியில் தட்டிப் பார்ப்பார். வெறும் பானையைத் தட்டினதுபோல் 'டொக்' என்று கேட்டால் வெந்துவிட்டது. சத்தம் மந்தமாக இருந்தால் மறுபடி சட்டிக்குள் போகும். மேல் ஓடு கருகலாக மொறுமொறுவென்று, உள்ளே ஆவி பறக்க, கொஞ்சம் புகை வாசத்தோடு இருக்கும். பிய்த்து ஆட்டுக்கறிக் குழம்பில் தோய்த்தால் பரோட்டா ஞாபகமே வராது. கறியோடு 16 வெள்ளி. கொஞ்சம் கூடுதல்தான், ஆனால் ஒரு ரொட்டி இரண்டு பேருக்குப் போதும்.

கறி செம்மறி. அதை அண்ணன் மறைப்பதில்லை. நம்மில் பாதிப் பேர் செம்மறி என்றதும் மூக்கைச் சுளிப்போம், வாடை என்று. அந்த வாடை கொழுப்பில் இருக்கிறதாம். கழுத்துக்கறியையும் கால் சந்தையும் வாங்கி, வெளிக் கொழுப்பைக் கத்தியால் சீவி எறிந்துவிட்டுத்தான் சட்டியில் போடுகிறார். மிளகும் சோம்பும் வறுத்து அரைத்த பிரட்டல். எலும்பைவிட்டுத் தானாகக் கழன்று வரும் பதம். எலும்பு சூப்பில் மட்டும் மிளகு அநியாயம். என் அம்மா இரண்டு வாய் குடித்துவிட்டுத் தள்ளிவைத்தார். பிரியாணி வேண்டாம். அது அவர் கை இல்லை, வேலைக்கு இருக்கும் பையன் போடுவது, போன தடவை சோறு குழைந்திருந்தது. வெள்ளிக்கிழமைகளில் வெள்ளாடும் உண்டு. அதுவும் ஆஸ்திரேலியாதான்: வளர்த்த ஆடு இல்லை, தப்பிப்போய்க் காட்டாடாகிப் பெருகினதன் வம்சம். தண்ணீர்க் குளத்தைச் சுற்றி வேலி போட்டு, உள்ளே வந்தால் வெளியே போக முடியாத கதவு வைத்துப் பிடிப்பார்களாம். "வெய்யக் காலத்துல வெரட்டவே வேணாம், தங்கச்சி. தாகம் கூட்டிட்டு வந்துரும்."

இப்போது குறை. கடைக்குள் ஆஸ்திரேலிய மணிதான் ஓடுகிறது. நான் ஒரு நாள் ஒன்பது முப்பத்தைந்துக்குப் போய் உட்கார்ந்தேன். பத்து மணி வரை அடுப்பு கிடையாது, தே ஓ (பால் இல்லாத தேநீர்) மட்டும்தான் என்றார்கள். பசியோடு இருபத்தைந்து நிமிஷம். ரோமம் கத்தரிக்கும் கொட்டகையில் ஏழரைக்கு மணி அடித்தால் ஒன்பதரை வரை ஓர் ஓட்டம், அரை மணி தேநீர், அதற்கு 'ஸ்மோக்கோ' என்று பெயர், பத்திலிருந்து பன்னிரண்டு, சாப்பாடு, ஒன்றிலிருந்து மூன்று, மறுபடி அரை மணி, மூன்றரையிலிருந்து ஐந்தரை. பதினோரு வருஷம் அந்த மணிக்குச் சமைத்தவருக்கு உடம்பு அப்படியே பழகிவிட்டதாம். எனக்குப் பழகவில்லை. கத்தரிக்கிறவர்களுக்குத் தேநீர் கொடுக்கிற நேரத்தில் இங்கே அடுப்பை நிறுத்துவது எந்த ஊர் நியாயம் என்று கேட்டேன். சிரித்தார். மாற்றவில்லை.

காத்திருந்த நேரத்தில்தான் சுவரைப் பார்த்தேன். இனி நான் எழுதப்போவது பாதி அவர் சொன்னது, பாதி வீட்டுக்குப் போய் நான் தேடிப் படித்தது. எடைமேடையில் இருபத்திரண்டு வருஷம் உட்கார்ந்திருக்கிறேன். யார் எந்தக் கணக்கைச் சொன்னாலும் இன்னொரு தடவை நிறுத்துப் பார்க்காமல் எழுதுவதில்லை.

321 என்பது ஆடு. 1892 அக்டோபரில் குயின்ஸ்லாந்தின் ஆலிஸ் டவுன்ஸ் பண்ணையில் ஜாக்கி ஹோவ் என்பவர் கைக் கத்தரியால் ஒரே நாளில், 7 மணி 40 நிமிஷத்தில், 321 ஆட்டுக்கு ரோமம் கத்தரித்தார். 1950 வரை மெஷின் பிடித்தவர்களால்கூட அதைத் தாண்ட முடியவில்லை. அங்கே ஆட்டுக்கு இவ்வளவு என்றுதான் கூலி, மாதச் சம்பளம் இல்லை. அதனால் ஒவ்வொருவரும் தன் எண்ணிக்கையைக் கொட்டகைச் சுவரில் எழுதிவைப்பார்களாம். பெயர், வருஷம், எத்தனை ஆடு. ரோமப் பொதிமேல் முத்திரை குத்துகிற அதே மையால்.

அவர் காட்டிய படங்களில் ஒன்று நியூ சவுத் வேல்ஸில் மெனின்டி பக்கத்தில் இருக்கும் கின்செகா பண்ணைக் கொட்டகை. சிவப்பு யூக்கலிப்டஸ் மரத்தூண், தகரக் கூரை, டார்லிங் ஆற்றங்கரை. 1967-ல் மூடும்வரை 60 லட்சம் ஆடுகள் அதற்குள் நுழைந்து ரோமம் இல்லாமல் வெளியே போயிருக்கின்றன. இப்போது அது தேசியப் பூங்கா. அண்ணன் லீவு நாளில் போய்ப் பார்த்தாராம். தரைப் பலகை ஆட்டுரோமத்து எண்ணெய் ஊறி இன்னும் பளபளவென்று வழுக்குமாம். "நம்ம தோட்டத்து ஸ்டோர்ல ரப்பர்ப் பால் சிந்தி சிந்திக் கறுத்த தரை இருக்கும்ல, அதே மாதிரி."

அந்த நிலத்தை நினைத்துப் பார்ப்பதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. செம்மண், முழங்கால் உயரத்துக்குச் சாம்பல் நிறத்தில் உப்புச்செடி, அவ்வளவுதான். அந்தச் செடியைத் தின்றுதான் ஆடு பிழைக்கிறது. அந்தப் பகுதி ஊரான புரோக்கன் ஹில் பக்கம் வருஷத்துக்கு 250 மில்லிமீட்டர் போலத்தான் மழை. நமக்கு ஒரு நல்ல நவம்பர் போதும். ஒரு ஆட்டுக்குப் பத்து, பதினைந்து ஏக்கர் வேண்டியிருக்கும் என்றார். நான் உடனே கணக்குப் போட்டேன்: நம் செம்பனையில் ஏக்கருக்கு ஐம்பத்தைந்து, அறுபது மரம். அந்த நிலத்தில் ஓர் ஆடு நிற்கிற இடத்தில் நமக்கு எண்ணூறு மரம் நிற்கும். பண்ணை வாசலில் இருந்து வீட்டுக்கு அரை மணி நேரம் வண்டி ஓட்ட வேண்டும் என்று அவர் சொன்னது அப்போதுதான் உறைத்தது.

அந்தப் பண்ணைத் தொரைமாருக்கும் நிலம் சொந்தமில்லை என்பது எனக்குப் புதுசு. நியூ சவுத் வேல்ஸ் மேற்குப் பக்கம் பெரும்பாலும் அரசாங்கக் குத்தகை. 1890களில் வறட்சியும் முயலும் சேர்ந்து நிலத்தை மொட்டையடித்துவிட்ட பிறகு, 1901-ல் அதற்கென்று தனிச் சட்டமே வந்தது. முயல் எங்கிருந்து வந்தது என்றால், 1859-ல் விக்டோரியாவில் தாமஸ் ஆஸ்டின் என்ற ஒரு தொரை வேட்டைக்காக விட்டது. சில டசன்கூட இல்லை, அதற்குள் ஒரு கண்டத்தையே தின்றுவிட்டது. 1890களில் தொடங்கிய பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் 10 கோடிக்கு மேல் இருந்த நாட்டின் செம்மறி எண்ணிக்கை பாதியாகியிருக்கிறது.

குத்தகைக்கும் முன்னால் அது பார்கன்ஜி மக்களின் மண். டார்லிங் ஆற்றை அவர்கள் 'பாக்கா' என்கிறார்கள், ஜனத்தின் பெயரே அந்த ஆற்றிலிருந்து வந்ததுதான். 1997-ல் வழக்குப் போட்டு 2015-ல்தான் அவர்களுடைய பூர்வீக உரிமையைக் கோர்ட்டு ஒத்துக்கொண்டது. பதினெட்டு வருஷம். இதை அண்ணன் சொன்னபோது பக்கத்து மேசையில் இருந்த பெரியவர், "நம்மகிட்ட லயத்து வீட்டுக்கே பேப்பர் இல்ல" என்றார். அவர் தோட்டம் இப்போது வீடமைப்புப் பகுதி. முனீஸ்வரர் கோயில் மட்டும் மிச்சம், அதுவும் எத்தனை நாளோ.

இன்னொரு படத்தில் ஒரு தனிச் சமாதி. மெனின்டிக்கு வெளியே, செம்மண் நடுவில். தோஸ்த் முகமது. 1860-ல் பர்க்கும் வில்ஸும் கண்டத்தைத் தெற்கு வடக்காகக் கடக்கப் புறப்பட்டபோது, ஒட்டகங்களோடு கப்பலேற்றிக் கொண்டுவரப்பட்டவர்களில் ஒருவர். பிறகு ஓர் ஆண் ஒட்டகம் கடித்துக் கை போய்விட்டது; ஊருக்குத் திரும்பாமல் மெனின்டியிலேயே ரொட்டிக் கடையில் வேலை செய்து அங்கேயே செத்துப்போனார். அண்ணன் அந்தச் சமாதிக்கு மூன்று முறை போயிருக்கிறார். ஏன் என்று கேட்டதற்கு, "அந்தப் பக்கம் நம்ம மூஞ்சி மாதிரி வேற யாரு இருந்தா?" என்றார். ரோமப் பொதியை ஒட்டகத்தில் ஏற்றி நீராவிப் படகுக்கும் ரயிலுக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது அப்படி வந்தவர்கள்தான். புரோக்கன் ஹில்லில் அவர்கள் தகரத்தால் கட்டிய பள்ளிவாசல் இன்னும் நிற்கிறது.

புரோக்கன் ஹில்லே ஓர் ஆட்டுப் பண்ணைதான் முதலில். 1883-ல் மவுண்ட் கிப்ஸ் பண்ணையில் வேலி காவல் பார்த்துக் குதிரையில் சுற்றிய சார்லஸ் ராஸ்ப் ஒரு கறுத்த மேட்டில் கல்லை உடைத்துப் பார்த்திருக்கிறார். பண்ணை ஆட்களே ஏழு பேர் ஆளுக்கு 70 பவுண்டு பணம் போட்டுக் கூட்டுச் சேர்ந்தார்கள். உள்ளே இருந்தது வெள்ளியும் காரீயமும். அந்த ஏழு பேர் கூட்டிலிருந்து வந்ததுதான் பிஎச்பி என்ற பெரிய சுரங்கக் கம்பெனி. கிந்தாப் பள்ளத்தாக்குக்காரர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது, நமக்கும் மண்ணுக்கடியில் வெள்ளீயம் கிடந்த ஊர்தான். ஆனால் இங்கே லாபம் எடுத்தது கூலிக்காரன் இல்லை.

கதைகளில் என் அம்மாவை நிமிர்ந்து உட்கார வைத்தது ஒன்றே ஒன்றுதான். மழை பெய்து ஆடு நனைந்துவிட்டால் கத்தரிக்க மாட்டார்கள், ஈர ரோமத்தில் வேலை செய்தால் உடம்புக்கு ஆகாது என்று. நனைந்திருக்கிறதா, காய்ந்திருக்கிறதா என்று யார் சொல்வது? தொரை இல்லை. ஆளுக்கு இரண்டு ஆடு கத்தரித்துப் பார்த்துவிட்டு, துண்டுச் சீட்டில் 'ஈரம்', 'காய்ந்தது' என்று எழுதி ரகசிய ஓட்டுப் போடுவார்களாம். ஈரம் ஜெயித்தால் அன்றைக்கு வேலை இல்லை. சமையல்காரருக்கும் அதேதான், சாப்பாடு பிடிக்கவில்லை என்றால் ஓட்டுப் போட்டு மூட்டையைக் கட்டச் சொல்லிவிடுவார்கள். "ரெண்டு தடவ தப்பிச்சேன்" என்றார் அண்ணன்.

அம்மா முப்பத்தொரு வருஷம் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். "எங்களுக்கு ஓட்டா?" என்றார். "விடியக்காலம் பெரட்டுல நின்னு வானத்தப் பாப்போம். மண்டோரு மரத்தத் தொட்டுப் பாத்துட்டு, வெட்டுன்னா வெட்டணும். பாதியில மழை வந்து மங்குல தண்ணி நெறஞ்சா அன்னிக்குக் கூலி போச்சு." (பெரட்டு என்றால் காலையில் ஆள்கணக்கு எடுப்பது, மண்டோர் மேஸ்திரி, மங்கு பால் வடியும் கிண்ணம்.)

ரப்பரும் ரோமமும் ஒரே சமயத்தில் விலை ஏறியிருக்கின்றன என்பதையும் அங்கேதான் தெரிந்துகொண்டேன். 1950, 51-ல் கொரியாச் சண்டை. பட்டாளத்துக்கு டயரும் வேண்டும், கம்பளிக் கோட்டும் வேண்டும். ஒரு ராத்தல் ரோமம் ஒரு பவுண்டு பணம் என்று அங்கே பேச்சாகிப்போனது. இங்கே என் பாட்டி, கடன் சொல்லாமல் துணி எடுத்த ஒரே தீபாவளி என்று ஒன்றைச் சொல்லிக்கொண்டே இருப்பார், அதுவும் அந்தச் சண்டைக் காலத்தில்தான். அப்புறம் இரண்டும் இறங்கியதும் எல்லாருக்கும் தெரிந்தது. 1991-ல் அங்கே ரோமத்துக்கான ஆதார விலைத் திட்டம் சரிந்தபோது விற்காத பொதிகள் 47 லட்சம் குவிந்து கிடந்தன. தீவனத்துக்குக்கூட ஆகாத ஆடுகளைச் சுட்டுப் புதைத்தார்கள். அண்ணன் போனபோது அந்தக் குழிகளின் மேடு இன்னும் தெரிந்ததாம். இதைச் சொல்லிவிட்டு எழுந்து போய் சூப்பைக் கிளறினார்.

சரி, போகிறவர்களுக்கு: சனிக்கிழமை பத்து மணிக்குப் போங்கள், பதினொன்றரைக்கு மேல் டேம்பர் இருக்காது. தாப்பாவ் (பொட்டலம்) வேண்டாம், ரொட்டி ஆறினால் கல். கார் வைக்க இடமில்லை, எதிர்ப்பக்கம் விட்டுவிட்டு நடங்கள். கார்டு, கியூஆர் எல்லாம் கிடையாது. அண்ணன் பேச ஆரம்பித்தால் ஒரு மணி நேரம் போகும். அவசரம் என்றால் கண்ணைப் பார்க்காமல் சாப்பிடுங்கள்.

வயசான தோட்டத்து ஆட்கள் வீட்டில் இருந்தால் கூட்டிப்போங்கள். 321-க்குக் கீழே சுவரை வெள்ளையாக விட்டுவைத்திருக்கிறார். பழைய வெட்டுக்காரர்கள் யார் வந்தாலும் மைக்கட்டையைக் கையில் கொடுப்பார். பெயர், தோட்டம், ஒரு நாளைக்கு அதிகமாக இறக்கினது எவ்வளவு ராத்தல். இப்போது நாற்பது பேருக்கு மேல் இருக்கிறார்கள். பாதித் தோட்டம் எனக்கே எங்கே இருந்தது என்று தெரியவில்லை.

அம்மாவுக்குக் கை நடுங்கியது, நான் எழுதவா என்றேன், வேண்டாம் என்று தானே எழுதினார். 52. எழுதிவிட்டுக் கண்ணாடியைச் சரி செய்துகொண்டு மேல் வரியைப் படித்தார். அதே தோட்டம், பக்கத்து நிரையில் மரம் வெட்டினவள், 60 என்று போட்டிருந்தது. அம்மா அண்ணனைக் கூப்பிட்டார்.

"இத யாரு எழுதவிட்டது? அறுபதா? தண்ணி ஊத்தியிருப்பா. கணக்கு எழுதுற கெராணி அன்னிக்குப் பாலுல மெட்ரோலாக்க விட்டு, தண்ணி இருக்கான்னு அளந்து பாத்திருக்கணும்."