ஏர்சென்ஸ் 10 வாங்கப் போகிறீர்களா? முதலில் மாஸ்க்கைப் பாருங்கள்

அப்பாவுக்காக வாங்கியது ரெஸ்மெட் ஏர்சென்ஸ் 10 ஆட்டோசெட், தூங்கும்போது மாஸ்க் வழியாகக் காற்றைச் செலுத்தி மூச்சுப்பாதையைத் திறந்து வைக்கும் மெஷின். அவருக்கு ஸ்லீப் ஆப்னியா, அதாவது தூக்கத்தில் மூச்சு அடிக்கடி தடைபடும் நோய், அதுவும் தீவிர வகை. ஸ்லீப் ஸ்டடியில் மணிக்கு 38 முறை மூச்சு தடைபடுகிறது என்று வந்தது, 30-ஐத் தாண்டினாலே தீவிரம்தான். குறட்டை விட்டால் நல்ல தூக்கம் என்று வீட்டில் யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள்.

தூக்க மாத்திரை போட்டால் போதும் என்று சொன்னவர்களும் உண்டு. தூங்கும்போது தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுப்பாதை அடைபடுவதுதான் இந்த நோயே, சில தூக்க மாத்திரைகள் அந்தத் தசையை இன்னும் தளர்த்திவிடும். தூக்கமே வராத இன்சோம்னியா வேறு விஷயம், அதற்கு முதல் சிகிச்சை சிபிடி-ஐ என்கிற பழக்கமாற்றப் பயிற்சி; அவர்களுக்கு இந்த மெஷினால் பயனில்லை. அதனால் டெஸ்ட் எடுக்காமல் எதையும் வாங்காதீர்கள்.

சரி, மெஷின் எப்படி? அருமை. காற்றின் அழுத்தத்தை 4 முதல் 20 செ.மீ. நீர் அளவு வரை தேவைக்கேற்ப தானே கூட்டிக் குறைக்கிறது, படுத்தவுடன் மெதுவாக ஆரம்பிப்பதால் மூச்சு முட்டுவதில்லை, சத்தமும் பக்கத்தில் படுப்பவரைத் தொந்தரவு செய்யாது. ராத்திரி மணிக்கு எத்தனை முறை மூச்சு தடைபட்டது என்ற கணக்கைக் காலையில் திரையிலேயே காட்டும். அப்பாவுக்கு இப்போது 5-க்குக் கீழே. மதியம் சாய்ந்து தூங்குவது நின்றுவிட்டது, அதைப் பார்க்க அவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது.

ஆனால் ஆரம்பத்தில் கழற்றி எறியாத குறைதான், காரணம் மாஸ்க். விற்றவர் அளவுகூடப் பார்க்காமல் மூக்குக்கு மட்டுமான மாஸ்க்கைக் கொடுத்து அனுப்பினார். அப்பா வாயைத் திறந்து தூங்குகிறவர், காற்றெல்லாம் வாய் வழியே போய் நாக்கு வறண்டு எழுந்துவிடுவார். வாயையும் மூடும் ஃபுல் ஃபேஸ் மாஸ்க் மாற்றிய பிறகுதான் ராத்திரி முழுக்கப் போட்டுக்கொள்கிறார். கடையிலேயே மாட்டி, படுத்து, காற்றை ஓடவிட்டு, இருபக்கமும் புரண்டு பாருங்கள். கூச்சப்பட வேண்டாம், அதற்கு ஒத்துக்கொள்ளாத கடையில் வாங்கவே வேண்டாம்.

காற்றை ஈரமாக்கும் ஹியூமிடிஃபையரின் தொட்டிக்கு டிஸ்டில்டு வாட்டர்தான், குழாய்த் தண்ணீர் ஊற்றினால் உப்புப் படியும். மாஸ்க்கை தினமும் கழுவ வேண்டும். அப்புறம் கரண்ட் போனால் மெஷின் நின்றுவிடும், இன்வெர்ட்டர் லைனில் மாட்டுங்கள். நீண்ட நேரம் பேட்டரியில் ஓட வேண்டுமென்றால் ஹியூமிடிஃபையர் சூட்டை அணைத்துவிடுங்கள், அதுதான் அதிகம் இழுக்கும்.